தாய்வீடு எந்தப் பக்கம்?

புது பாஷை படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் கைவருவது தலையாட்டல்தான். ஆரோக்கியம்மாளுக்கு அது பிரமாதமாகக் கைவந்திருந்தது. ஜூலையில் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தது முதல், ஹாஜா முகைதீன் சார் கரும்பலகையிலிருந்து திரும்பி "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்கும்போதெல்லாம், "புரிஞ்சுது சார்" என்று சொல்லிவிடுவாள். புரிந்தது கொஞ்சம், புரியாதது மிச்சம். தலையாட்டல் மட்டும் இரண்டுக்கும் ஒன்று.

புதுக்கோட்டைக் கல்லூரியில் படிக்கிற பெண்ணுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று இந்த வாரம்தான் இந்தத் தொடரைக் கையில் எடுத்தவர்கள் கேட்கலாம். அவள் ஊரான திருமயத்தில் பாதிப்பேர் இன்னமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் அவள் அண்ணன் அடைக்கலம் செய்த வேலை. பம்பாய்க்குப் பிழைக்கப் போனவன் ஒரு சிந்திக்காரர் கடைக்கு ஆளாகக் கப்பலேறி, லாஸ் பால்மாஸ் என்ற ஸ்பானியத் தீவுத் துறைமுகத்தில் போய் இறங்கினான். அங்கே ஜவுளி விற்றான். ஜவுளி வாங்க வந்த ஒரு பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டான். சேதி வந்த அன்று அம்மா இன்னாசியம்மாள் அடுப்பு மூட்டவில்லை. பஸ் டிரைவரான அப்பா இன்னாசி, கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் ஹாரனில் காட்டுகிறவர். அன்று காரைக்குடி வரைக்கும் ஆடு மாடு எல்லாம் ஒதுங்கி நின்றதாகக் கண்டக்டர் ராக்கன் சொன்னான்.

ஆரோக்கியத்துக்கு மட்டும் ஆவல் பொறுக்கவில்லை. அந்த அண்ணி எப்படிப் பேசுவாள், எதற்குச் சிரிப்பாள், நம்மைப் பற்றி என்ன நினைப்பாள்? யுத்த காலத்தில் ஜிப்ரால்டரில் குமாஸ்தாவாக இருந்து ஸ்பானிஷ் கற்றுக்கொண்ட ஹாஜா முகைதீன் சார், ஆசைப்பட்டவர்களுக்கு மாலையில் சும்மாவே சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டதும் போய் உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் மொத்தம் நாலு பேர். அதில் ஒருவன், அந்த அறையில் மின்விசிறி ஓடுகிறது என்பதற்காக வருகிறவன்.

போன மாதம் அண்ணியே வந்து இறங்கிவிட்டாள். கன்னியாஸ்திரீகள் சிலர் திருச்சி வரை துணைக்கு வந்து ரயிலேற்றிவிட்டார்கள். அடைக்கலம் சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்துவிடுவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தான். ரொசாரியோ என்று பெயர். வயிற்றில் ஏழு மாதம். இங்கிலீஷும் தெரியாது, தமிழும் தெரியாது.

"ரொசாரியோன்னா ஜெபமாலைம்மா" என்று ஆரோக்கியம் சொன்னபோது அம்மாவின் முகம் முதல் தடவையாகத் தெளிந்தது.

"அட, ஜெபமாலையா? நம்ம சனத்துல வீட்டுக்கு வீடு உள்ள பேரு. இதச் சொல்றதுக்கு எதுக்குடி வாய இம்புட்டுக் கோணுற?"

அன்றிலிருந்து அவள் ஜெபமாலை ஆனாள்.

இனி இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

காலைப் பூசை முடிந்து வீடு திரும்பியதும் ஆரோக்கியம் கொல்லைப் பக்கம் நடைபோட ஆரம்பித்தாள். மறுநாள் வகுப்பில் அவள் எழுந்து நின்று ஸ்பானிஷில் பேச வேண்டும். "இத்தனை மாதத்தில் நான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்" என்பது தலைப்பு. சார் கொடுத்தது. எவ்வளவு தூரம்தான் வந்திருக்கிறாள்? அதுதான் அவளுக்கே தெரியவில்லை.

தண்ணீர், சோறு, உப்பு, கட்டில், கப்பல் எல்லாம் சொல்ல வரும். நேற்று, இன்று, நாளை வரும். "ஏன்" என்று கேட்க வரும். கேட்டால் வருகிற பதில்தான் பிடிபடாது. 'இருக்கிறேன்' என்பதற்கு அந்த பாஷையில் இரண்டு சொல் உண்டு, நிலையாக இருப்பதற்கு ஒன்று, இப்போதைக்கு இருப்பதற்கு ஒன்று என்று சார் சொன்ன அன்று அவளுக்குத் தூக்கமே வரவில்லை. "அப்ப கல்யாணமாகி இருக்கிறது எதுல சேரும் சார்?" என்று மறுநாள் கேட்டாள். சார் வெகுநேரம் சிரித்தார். மின்விசிறிக்காரன்கூடச் சிரித்தான்.

ரொசாரியோ முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். இன்று கோயிலில் அவள் ஒருத்திதான் பூசை ஜெபங்களுக்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னவள். லத்தீன் பூசை எந்த ஊரிலும் ஒன்றுதானே. அங்கே அவளுக்கு யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஊமையாகிவிட்டாள். சோறும் அவளுக்கு இறங்கவில்லை. இறங்குகிற ஒரே பண்டம் வாழைப்பழம். அதை முதலில் கண்டுபிடித்தவர் அப்பாதான். மருமகள் முகத்தைப் பார்த்துப் பேசக் கூசுகிறவர், தினமும் டியூட்டி முடிந்து வரும்போது ஒரு சீப்புப் பழத்தை ஜன்னலில் வைத்துவிட்டு இருமிக்கொண்டே போய்விடுவார்.

"ஆரோக்கியம், இங்கிட்டு வாடி" என்று அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். "ஒங்க அண்ணிகிட்ட ஒரு சேதி சொல்லணும். பதனமாச் சொல்லு."

"என்னம்மா?"

"ஏழாம் மாசமாச்சு. வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேணாமா? தலைப்பிரசவத்த மாமியா வீட்டுல வச்சா, கேக்க நாதியத்த புள்ளைன்னுல்ல ஊரு பேசும்? ஆவுடையார்கோவில்ல ஒங்க பெரியம்மாகிட்டப் பேசிட்டேன். அவ தாயா நின்னு கூட்டிட்டுப் போயி, பிரசவம் பாத்து அனுப்புறேன்னுட்டா. எம் மருமகளுக்கு ஒரு கொறையும் வரக் கூடாது."

இதைச் சொல்கிறவள் யார்? கல்யாணச் சேதி கேட்டு அடுப்பு மூட்டாமல் கிடந்த அதே அம்மாதான். ஆரோக்கியத்துக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

இத்தனை நீளமான சேதியை எப்படிச் சொல்வது? வளைகாப்புக்குச் சொல் தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது. ஆனால் சேதியின் நடுவெலும்பு தெரியும். வீடு தெரியும், அம்மா தெரியும், 'போக வேண்டும்' என்பது போன வாரப் பாடம். மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். பிறகு அண்ணியின் முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"உஸ்தெத் தியேனே கே இர் அ லா காசா தெ சு மாத்ரே."

நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும்.

ஒரு பிழை இல்லை. இத்தனை மாதத்தில் அவள் வாயிலிருந்து தடங்கலில்லாமல் வந்த முதல் முழு வாக்கியம் அது. சார் இருந்திருந்தால் மேஜையைத் தட்டியிருப்பார்.

ரொசாரியோவின் கையிலிருந்த மொச்சை முறத்தில் விழுந்தது. அவள் மாமியாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "குவாந்தோ?"

"எப்பன்னு கேக்குறாங்கம்மா!" ஆரோக்கியத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. கேட்டது புரிந்துவிட்டதே!

"நல்ல காரியத்த எதுக்குத் தள்ளிப் போடணும்? இன்னைக்கின்னாலும் சரிதான்னு சொல்லு."

ஆரோக்கியம் சொன்னாள். இன்றைக்கு என்பதற்கு ஒரே சொல்தான், அதுவும் சின்னச் சொல்.

ரொசாரியோ தலையசைத்தாள். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

"எம்புட்டு அடக்கமாக் கேட்டுக்கிட்டா பாருடி" என்றாள் அம்மா. "சரி, கெளம்பு. கோட்டைவாசக் கடையில வளவி வாங்கிட்டு வந்துருவம்."

தாயும் மகளும் குஷியாகப் போனார்கள். பச்சையும் சிவப்புமாக அம்மா பொறுக்கி எடுத்தாள். கடைக்காரர் கையளவு கேட்டதற்கு, "எங்க வீட்டு மருமக கை கொஞ்சம் பெருசு, கடல் கடந்து வந்த கை" என்று சொல்லிச் சிரித்தாள். மருமகள் என்று வெளியாரிடம் அம்மா சொல்லி ஆரோக்கியம் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பி வந்தபோது அறை காலியாக இருந்தது.

தகரப் பெட்டியைக் காணோம். அம்மா கட்டிக்கொள்ளக் கொடுத்த கண்டாங்கிச் சேலை, அழகாக மடித்து, கட்டிலின் நடுவில் வைக்கப்பட்டிருந்தது. உரித்த மொச்சைகூட மூடி போட்டு அடுப்படியில் இருந்தது.

"எங்கடி போயிட்டா? ஆவுடையார்கோவிலுக்குத் தனியாவா போயிட்டா?" என்றாள் அம்மா.

ஆரோக்கியம் அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் உறைத்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. ஆனால் ரொசாரியோவுக்கு அம்மா வீடு எங்கே இருக்கிறது? கடலுக்கு அந்தப் பக்கம். வயிற்றில் பிள்ளையோடு வந்த பெண்ணை, வீட்டில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தவளை, இன்றைக்கே உன் அம்மா வீட்டுக்குப் போ என்று நெற்றிக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள். இலக்கணம் பிசகாமல் சொல்லியிருக்கிறாள்.

"அம்மா... நான் அவங்கள வீட்ட விட்டுப் போகச் சொல்லிட்டேம்மா."

"என்னடி ஒளர்ற?"

"தாய்வீட்டுக்குப் போகணும்னா நமக்குத்தாம்மா சீரு. அவங்களுக்குத் தொரத்துறது."

 இன்னாசியம்மாள் வளையல் பொட்டலத்தைக் கீழே வைக்கக்கூட மறந்து தெருவில் இறங்கி ஓடினாள்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரே கூச்சல். காரைக்குடியிலிருந்து வந்து புதுக்கோட்டைக்குப் போக வேண்டிய பஸ், பானட்டைத் திறந்து போட்டபடி நின்றுகொண்டிருந்தது. அப்பாவின் பஸ்தான். அப்பா தலையை உள்ளே விட்டுக்கொண்டு, கோளாறு எதுவுமில்லாத ஒரு குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

ராக்கன் ஓடி வந்தான். "அக்கா, நல்லவேளை வந்தீங்க. ஒங்க மருமக பெட்டியோட வந்து ஏறுனாங்க. ஸ்டேஷன், ஸ்டேஷன்னாங்க. அண்ணன் கண்ணாடியில பாத்தாரு, அம்புட்டுத்தான். வண்டி ரிப்பேருன்னு எறங்கிட்டாரு. அப்பப் புடிச்ச தொடைப்பு."

மனைவியையும் மகளையும் பார்த்ததும் அப்பா நிமிர்ந்தார். துணியை உதறினார். "கேளு" என்றார் ஆரோக்கியத்திடம். அவ்வளவுதான் அவருக்குப் பேச வந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஆரோக்கியம் பஸ்ஸில் ஏறினாள். பெண்கள் சீட்டில், பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு, ரொசாரியோ நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"அண்ணி, இல்லை. போக வேண்டாம். அம்மா நல்லது. நான் கெட்டது." ஆரோக்கியத்தின் ஸ்பானிஷ் இப்போது இலக்கணத்தையெல்லாம் காற்றில் விட்டிருந்தது. "இங்கே... முதல் குழந்தை... பெண்... தன் அம்மா வீடு. பிறகு வருவது. எல்லாரும்!"

ரொசாரியோ நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? 'வழக்கம்' என்ற சொல் மட்டும் தெரிந்திருந்தால்! ஆரோக்கியம் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்துச் சீட்டில் வெற்றிலைக் கூடையோடு ஒரு அம்மாள்.

"நீங்க தலைப்பிரசவத்துக்கு எங்க போனீக?"

"நானா? எங்க ஆத்தா வீட்டுக்கு. வேற எங்கிட்டுப் போவாக?" என்றாள் வெற்றிலைக் கூடை மூக்காயி.

"அவங்க, முதல் குழந்தை, தன் அம்மா வீடு" என்றாள் ஆரோக்கியம் ஸ்பானிஷில்.

பின்சீட்டிலிருந்த நூர்நிஷா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தானே சொன்னாள்: "நானும் எங்க உம்மா வூட்டுலதாம்மா. வாப்பா வண்டி கட்டி வந்து கூட்டிட்டுப் போனாக."

"அவங்களும், தன் அம்மா வீடு."

"நானும்!" "எங்க அம்மா வீடு நமனசமுத்திரம்!" "எனக்கு அம்மா இல்ல, சித்தி வீட்டுல!" என்று நாலா பக்கமும் பதில் வந்தது. சார் வகுப்பில் ஒரே வாக்கியத்தை ஆளாளுக்கு மாற்றி மாற்றிச் சொல்ல வைப்பாரே, அதே பாடம் இப்போது புதுக்கோட்டை பஸ்ஸில் நடந்தது. ஆரோக்கியம் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்தாள். மொழிபெயர்க்க மொழிபெயர்க்க ரொசாரியோவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அவளும் ஒவ்வொருத்தியாகப் பார்க்க ஆரம்பித்தாள். கடைசியில், கீழே ஜன்னலோரம் மூச்சிரைக்க நின்ற இன்னாசியம்மாளைக் கையால் காட்டினாள்.

"அவங்க?"

"கேக்குறாளா? சொல்லு" என்றாள் அம்மா. "ஜெகதாப்பட்டினத்துல எங்க ஆத்தா வீட்டுல. அன்னைக்குப் புயலு. அடைக்கலம் பொறக்கையில கூரையே பறந்துபோச்சு. எங்க ஆத்தா பாயப் புடிச்சுக்கிட்டு எந் தலைமாட்டுல விடிய விடிய நின்னா."

புயலுக்கு ஆரோக்கியத்திடம் சொல் இல்லை. கையை வீசிக் காட்டினாள். தீவில் பிறந்தவளுக்கு அது உடனே புரிந்தது.

"என் வீடு எங்கே?" என்று கேட்டாள் ரொசாரியோ.

ஆவுடையார்கோவில் பெரியம்மாவை 'இன்னொரு அம்மா' என்று சொல்லிவைத்தாள் ஆரோக்கியம். ரொசாரியோ வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "அவங்களை எனக்குத் தெரியாது." ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இன்னாசியம்மாளின் தோளைத் தொட்டாள். "இவங்களைத் தெரியும்."

இதை மொழிபெயர்க்க அவசியமே இருக்கவில்லை.

"நான் மாமியாடி" என்றாள் அம்மா தவிப்போடு. "மாமியாளே எப்படித் தாயா நிக்கிறது? முறை ஒண்ணு இருக்குல்ல?"

அப்பா பானட்டை டமாலென்று சாத்தினார்.

"காலையில காரைக்குடின்னு போர்டு போட்டு ஓட்டுனேன். இப்பப் புதுக்கோட்டைன்னு போட்டிருக்கு. வண்டி அதே வண்டிதானே? போர்டத் திருப்பிப் போட வேண்டியதுதான். நீ தாயா இரு. மாமனாரு நான் ஒருத்தன் இருக்கேன்ல, அந்தப் பக்கத்த நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசிக் கேட்டு வருஷக்கணக்கு ஆகிவிட்டது. பஸ்ஸில் ஒரே சிரிப்பு.

அப்புறம் நடந்ததைத் திருமயம் இன்னும் பல நாள் பேசும். வளையல் பொட்டலத்தை அம்மா ஜன்னல் வழியாக நீட்டினாள். மூக்காயி முதல் வளையலைப் போட்டாள். நூர்நிஷா அடுத்தது. சீட்டு சீட்டாகப் பெண்கள் எழுந்து வந்து போட்டார்கள். பச்சையும் சிவப்புமாகக் கை நிறைந்தது. ரொசாரியோ கையை ஆட்டி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். மறுபடி ஆட்டினாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

"லேட்டுக்குக் கம்பெனியில என்னண்ணே சொல்றது?" என்று ராக்கன் கேட்டான்.

"வளைகாப்புன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, அப்பா ஊர் எல்லை வரைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார்.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். தகரப் பெட்டி அம்மாவின் தலையில். கர்ப்பிணியைச் சுமக்க விடுவாளா? ஆரோக்கியம் மனசுக்குள் நாளைய பேச்சைக் கட்டிக்கொண்டு வந்தாள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று கேட்டீர்களே சார், பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பி வந்திருக்கிறேன். சரியாகச் சொன்ன வாக்கியம் வீட்டைவிட்டுத் துரத்தியது, தப்பும் தவறுமாகச் சொன்னது திருப்பிக் கூட்டி வந்தது. இதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது என்று அண்ணியிடமே கேட்டுக்கொள்ளலாம்.

"ஆரோக்கியம்" என்றாள் அம்மா உற்சாகமாக. "இனிமே எல்லாத்தையும் அவகிட்டக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்டி. மொதல்ல இதக் கேளு. அடைக்கலம் கப்பலு இப்ப எந்தக் கடல்ல போயிட்டிருக்கும்?"

ஆரோக்கியம் கேட்டாள். அண்ணன், கப்பல், எங்கே. சுலபமான கேள்வி.

ரொசாரியோ நடையை நிறுத்தினாள். வளையல் சத்தமும் நின்றது. முன்னால் போகும் மாமியாரின் முதுகைப் பார்த்தாள், பிறகு ஆரோக்கியத்தைப் பார்த்தாள். தொடக்கப் பாடம் படிக்கிறவளுக்குச் சொல்வதுபோல், அவளுக்குத் தெரிந்த சொற்களாகப் பார்த்து எடுத்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அடைக்கலம் நோ எஸ்தா என் எல் பார்க்கோ."

அடைக்கலம் கப்பலில் இல்லை.

எல்லாம் முதல் மாதப் பாடம். கரும்பலகையில் சார் வரைந்த கோணல் கப்பல்கூட ஞாபகம் வந்தது. ஆரோக்கியம் அண்ணியின் கண்ணைப் பார்த்தாள். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமில்லை.

அம்மா பெட்டியைப் பிடித்தபடி திரும்பி நின்றாள். வெயிலில் வியர்த்த முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது.

"என்னடி சொல்றா? எந்தக் கடலாம்?"

ஜூலையிலிருந்து புரியாததையெல்லாம் புரிந்தது என்று சொல்லி வந்தவள் ஆரோக்கியம். இன்று ஒரு வாக்கியம், மிச்சம் இல்லாமல் முழுசாக, அவளுக்குப் புரிந்திருந்தது.

"புரியலம்மா" என்றாள்.